வழக்கும் வழக்கமும்

இலங்கையில் போர் முடிந்த அந்த மே மாதம் நான் ரோமானியச் சட்டப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்து எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் ஒரு பக்கம் என் புத்தகம், மறுபக்கம் மாமாவின் அகதி வழக்குக் கடிதங்கள். டேனிஷில் வருவதை அவருக்கு நான்தான் தமிழில் சொல்லவேண்டும்.

மாமாவுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அவருடைய அண்ணன். பத்து வருடத்துக்கு முன்பே அவருக்கு இங்கே தஞ்சம் கிடைத்துவிட்டது.

“ரெண்டு பேரும் ஒரே ஆமி முகாமிலதானே முதுகு கிழிய அடிவாங்கினனாங்கள். அண்ணைக்குக் குடுத்தவை எனக்கும் குடுக்கத்தானே வேணும்? வழக்கு எண்டால் வழக்கம்தானே, பிள்ளை.”

என் புத்தகம் வேறு சொன்னது. ரோமில் நீதிபதி சட்டம் படித்தவராக இருக்கவேண்டியதில்லை. ஒரு வழக்குக்கென்று நியமிக்கப்பட்ட குடிமகன், காரணம் சொல்லாமல் தீர்ப்பைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அது அடுத்த வழக்கைக் கட்டுப்படுத்தாது. ஒரே தீர்ப்பு திரும்பத் திரும்ப வந்தால்தான் அதற்குச் சட்டத்தின் பலம் வரும் என்று பின்னாளில் சொன்னார்கள்.

“ஒவ்வொரு வழக்கும் தனித்தனி, மாமா,” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

முடிவு வந்தது. போர் முடிந்துவிட்டதாம், இனித் திரும்பிப் போகலாமாம்.

“அப்ப என்ர முதுகு?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு பிராண்டே, விபோர்க் என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் எங்கள் ஆட்கள் தங்கள் கடிதங்களோடு என்னிடம் வந்தார்கள். எல்லாவற்றிலும் அதே வரி. மாமாவின் அண்ணனுக்குக் கிடைத்த தஞ்சம் வழக்கமாக ஆகவில்லை, இந்த மறுப்பு ஆகிவிட்டது. நாலாவது கடிதத்தை நான் உறை பிரிக்காமலே தமிழில் சொன்னேன்.