ஆறு நம்பர் படித்துச் சொன்ன ஏழுமலை அண்ணன்

ஏழுமலை அண்ணன் இன்று காலை போய்விட்டார்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாரே, அவர்தான். ஷட்டரைப் பாதி தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறார்கள். நான் இருப்பது அர்மேனியாவில்.

நானும் அவரும் ஒரே உப்பு கம்பெனியில் ஏழு வருஷம் வேலை பார்த்தோம். அவர் லாரிக்கு லோடு சீட்டு போடுவார், நான் பில் போடுவேன். பிறகு அவர் வேலையை விட்டுக் கடை போட்டார். நான் வேலையை விட்டு ஊர் சுற்றக் கிளம்பினேன். இது நாலாவது வருஷம்... தனியாகத்தான்.

தனியாகச் சுற்றுகிறாயே, பயமாக இல்லையா என்று இங்கே கமெண்டில் கேட்பீர்கள். திருடனுக்கும் நாய்க்கும் கூட நான் அவ்வளவு பயந்ததில்லை. ஓடிபிக்குத்தான் பயம்.

கார்டு போட்டால் பேங்க் அந்த ஆறு நம்பரை நம்ம ஊர் சிம்முக்குத்தான் அனுப்பும். வெளிநாட்டில் அந்த சிம் பாதி நாள் வேலை செய்யாது. நம்பர் வரவில்லை என்றால் ரூம் இல்லை, டிக்கெட் இல்லை, விசா இல்லை.

வீட்டில் கொடுத்து வைத்தால் ஒவ்வொரு மெசேஜுக்கும் என் தம்பி ஒரு பஞ்சாயத்து வைப்பான். அதனால் சிம்மைப் பழைய பட்டன் போனில் போட்டு ஏழுமலை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று பேங்க்காரன் அனுப்புகிற மெசேஜையும் எனக்குப் போன் போட்டு முழுசாகப் படித்துக் காட்டிய மனுஷன்...

போன வருஷம் நைரோபி ஏர்போர்ட். போகிற நாட்டிலிருந்து வெளியேறுகிற டிக்கெட்டும் இருந்தால்தான் ஏற்றுவோம் என்று கவுன்ட்டரில் சொல்லிவிட்டார்கள். கவுன்ட்டர் மூட இருபத்தைந்து நிமிஷம். அன்றைக்குப் பார்த்து மரக்காணத்தில் புயல், கரண்ட் இல்லை, டவர் இல்லை, உப்பளமும் ரோடும் ஒரே தண்ணீர்.

கார்டு நம்பரைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். அண்ணனுக்கு லைன் போகவே இல்லை. எனக்குப் பின்னால் நின்றவர்களெல்லாம் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

பதினைந்து நிமிஷம் இருக்கும்போது அவரே கூப்பிட்டார். மழை இரைச்சலில் பாதிதான் கேட்டது.

"ஏம்மா கலை, குயிலாப்பாளையம் வந்துட்டேன். அனுமந்தை தாண்டியும் சிக்னலே இல்ல. இன்னிக்குப் பறக்குறேன்னு சொன்னியே, நம்பர் வருமேன்னு வண்டிய எடுத்தேன். மறுபடியும் அமுக்கு!"

புயல் மழையில், இருபது கிலோமீட்டருக்கு மேல், டிவிஎஸ் ஃபிஃப்டியில், பட்டன் போனைப் பால் கவரில் சுற்றிக்கொண்டு. நான் கேட்கவே இல்லை, தெரியுமா? அவராக வந்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

வியட்நாமில் டெங்கு வந்து படுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கார்டு போட்டதும் அண்ணன் கூப்பிட்டார். அந்த மெசேஜில் எங்கே கட்டுகிறோம் என்றும் வந்துவிடும்.

"ஆஸ்பத்திரின்னு போட்டிருக்குது. என்னாச்சு?"

"பல்லு வலிண்ணா. நம்பரச் சொல்லுங்க."

"பல்லு வலிக்கா கொரல் இப்டி நடுங்குது? உண்மையச் சொல்லு, அப்புறம் நம்பர்."

ஒரு கையில் ட்ரிப்ஸ். எதிரே பில்லோடு நர்ஸ். எனக்கு வந்த ஆத்திரத்தில், என் கார்டு, என் சிம், கேள்வி கேட்க நீங்க யாரு என்று கத்திவிட்டேன்.

"யாரும் இல்லம்மா," என்றார். நம்பரைப் படித்தார். வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காதது போல "சாப்ட்டியா?" என்று கேட்டார். நானும் டெங்குவைச் சொன்னேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நேரில் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். திமிர்தான், வேறென்ன.

இன்று செய்தி வந்ததும் அழக்கூட இல்லை, டிக்கெட் தேடினேன். பேர், பாஸ்போர்ட் நம்பர், கார்டு நம்பர் எல்லாம் போட்டு அமுக்கிவிட்டேன். ஆறு கட்டம் வந்து நின்றது. அப்போதுதான் உறைத்தது.

சாவு வீட்டுக்குப் போன் போட்டு நம்பர் கேட்க முடியுமா? அந்தப் போன் கடையில் கிடக்கிறதோ, அவர் சட்டைப் பையில் கிடக்கிறதோ... நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. எனக்குக் கை வரவில்லை.

அப்போது போன் அடித்தது. ஏழுமலை அண்ணன் என்று பேர் வந்தது. எடுத்தேன்.

பேசியது அவர் மனைவி, செல்வி அண்ணி. பின்னால் மேளச் சத்தம்.

"கண்ணு... உன் போன்ல மெசேஜ் வந்திருக்குது. அவரு குளிக்கப் போனாக்கூட என்னைத்தான் படிக்கச் சொல்லுவாரு. எழுதிக்கிறியா?"

யாரோ பக்கத்தில், "இந்நேரத்துல போயி போனா?" என்று அதட்டுவது கேட்டது.

"சும்மா இருங்க, டைம் போயிடும்," என்றார் அண்ணி. அழுதுகொண்டே ஆறு நம்பரையும் ஒவ்வொன்றாகப் படித்தார்.

டிக்கெட் கிடைத்துவிட்டது. நாளை மத்தியானம்தான் வந்து சேர முடியும் அண்ணி என்றேன்.

"அதுக்குள்ள எடுத்துடுவாங்க கண்ணு," என்றார். "பரவால்ல... நீ வா."

ஏர்போர்ட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். போர்டிங் கூப்பிடுகிறார்கள்.

நீங்க போங்க அண்ணா. நான் வர்றேன்.