மூணு சொன்னதும் விடணும்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவருக்கு 'முதலுதவி' என்று பட்டப்பெயர். மரியாதைக்காக வைத்த பெயர் இல்லை என்பது அவருக்கும் தெரியும். பாதுகாப்பு மேற்பார்வையாளர் வருவதைப் பார்த்ததும் நாலு பேர் பேச்சை மாற்றுகிறார்கள் என்றால், அவர் கண்டிப்பானவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நச்சரிப்பவராக இருக்க வேண்டும். தான் கண்டிப்பானவர் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நம்மவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மாதம் ஒருமுறை தொழிலாளர்களுக்கு முதலுதவி வகுப்பு எடுப்பார். பாடம் பெரும்பாலும் ஒன்றுதான்: நசுங்கிய விரலுக்கு என்ன செய்வது. அட்டையை வெட்டி, மடித்து, அழுத்துகிற இடத்தில் வேறு எதைப் பேசுவது? அதற்கு முன்னால் வீட்டுக் கண்ணாடி முன் நின்று கையை ஆட்டி ஆட்டி ஒத்திகை பார்ப்பார். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும் மனைவிக்கு, அவர் வகுப்பு எடுக்கிற இந்த ஒன்பது வருடத்தில் எல்லாம் மனப்பாடமாகிவிட்டது.

தொழிற்சாலை வாசலில் ஒரு தட்டும் வைத்திருந்தார். மோதிரத்தைக் கழற்றி அதில் போட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே போகலாம். போன மாதம் கட்டிங் மெஷின்காரர் தன் மோதிரம் கழலவில்லை என்று வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது ஆள். இறந்துபோன மனைவி போட்டுவிட்ட மோதிரம். எல்லாரும் பார்க்க, வாசல் குழாயடியில் சோப்பு போட்டு அவரை இழுக்க வைத்தார் நம்மவர். வரவில்லை. "விதின்னா விதிதான்" என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். மறுநாள் அந்த மனிதர் மோதிரத்தை வெட்டி எடுத்துவிட்டு வேலைக்கு வந்தார்.

அப்போது நம்மவர் விரலில் மோதிரம் இல்லையா என்று கேட்டால், இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து பதினோரு வருடமாகக் கழலாமல் சதைக்குள் புதைந்து கிடந்தது. மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு அந்த விதி எதற்கு என்று தனக்குத்தானே சலுகை கொடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பீரோ ஆடியது. எது ஆடினாலும் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த கழிவு அட்டையை நாலாக மடித்து அடியில் செருகுவது அவர் வழக்கம். சாப்பாட்டு மேஜை, துவைக்கிற மெஷின் எல்லாம் அட்டை மேல்தான் நின்றன. மனைவி இரும்புக் கம்பியை அடியில் கொடுத்து நெம்பி பீரோவின் ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்தாள். இவர் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"நான் மூணு சொன்னதும் விடணும். ரெண்டுல விடக்கூடாது, நாலுலயும் விடக்கூடாது."

"சரிங்க, சீக்கிரம் ஆகட்டும். கை வலிக்குது."

அட்டை உள்ளே போனது. கொஞ்சம் கோணலாகப் போனது. கோணல் அவருக்குப் பிடிக்காது. இடது கையை விட்டு அதை நேராக்கிக்கொண்டே, வாய் தன் பாட்டுக்கு, "ஒன்னு, ரெண்டு, மூணு" என்றது. மனைவி மிகச் சரியாக மூணில் விட்டாள். ஒன்பது வருடத்தில் அவர் சொன்ன சொல்லை யாரும் அவ்வளவு சுத்தமாகக் கேட்டதில்லை.

மனைவி திரும்பத் தூக்கியதும் கையை உருவிக்கொண்டு கத்தினார். மோதிர விரலை வாயில் வைத்தார். உதறினார். கூடத்தை இரண்டு சுற்று சுற்றினார். நகத்தடியில் ரத்தம் கட்டிக் கறுப்பதைப் பார்த்ததும், "ஒரு ஊசியக் காய்ச்சிக் குடு, ஓட்டை போட்டுடறேன்" என்றார். அதைச் செய்யவே கூடாது என்று வகுப்பில் பத்து நிமிடம் தொண்டை கிழியப் பேசுகிறவர் இவர்தான்.

"ஊசியும் இல்ல, ஒன்னும் இல்ல. முதல்ல மோதிரத்தக் கழட்டுங்க."

"அது கழலாது."

"அப்போ வாசல்ல தட்டு யாருக்குங்க வெச்சீங்க?"

அவள் அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். குழாய்த் தண்ணீரில் விரலைப் பிடிக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றாள். சோப்பு போட்டு இழுத்தாள். மோதிரம் அசையவில்லை. சுத்தமான துணியைச் சுற்றி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னாள்.

"மடக்குங்க பார்ப்போம்."

நுனி மடங்கவில்லை. மோதிரத்துக்கு மேலே விரல் ஊதா நிறமாகி மரத்துக்கொண்டு வந்தது. விரலே போய்விடுமோ என்று அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. ஆனாலும், "நாளைக்குப் பார்த்துக்கலாமே" என்றார்.

"மடங்கலன்னா, பாதி நகத்துக்கு மேல கறுத்தா, உடனே ஆஸ்பத்திரி. நான் சொல்லலைங்க. கண்ணாடி முன்னாடி நின்னு நீங்க சொன்னது."

வாடகைக் காரில் கையைத் தூக்கியபடியே போனார். எதிரே வந்தவர்கள் இரண்டு பேர் பதிலுக்குக் கையாட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு சின்ன வட்டக் கத்தியை மோதிரத்தில் வைத்துச் சுழற்றினாள். கிரீச்சென்ற சத்தம் பல்லைக் கூச வைத்தது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதை அவர் விரலில் போட்டவள் அவள்தானே. அவள் கண் கலங்கியதைப் பார்த்த நிமிடத்தில் வாசல் குழாயடியில் நின்ற கட்டிங் மெஷின்காரர் நினைவுக்கு வந்தார். இவருக்கு இவளாவது பக்கத்தில் நின்றாள். அந்த மனிதர் வீட்டில் யாரும் இல்லை. நம்மவருக்கு விரலைவிட அது வலித்தது.

நுனி எலும்பில் விரிசல். நகத்தில் ஓட்டை போட்டு, கட்டியிருந்த ரத்தத்தை டாக்டரே எடுத்தார். "மோதிரத்தோட இன்னும் உட்கார்ந்திருந்தீங்கன்னா விரலுக்கே ஆபத்தா போயிருக்கும்" என்றார்.

மறுநாள் வகுப்பு. யாரையோ காப்பாற்றப் போய் அடிபட்டது என்று சொல்லலாமா என வழி முழுக்க யோசித்தார். ஆனால் நாற்பது முகங்களுக்கு முன்னால், பீரோவில் ஆரம்பித்து ஊசி கேட்டது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பிறகு இரண்டாக வெட்டுப்பட்ட மோதிரத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, வாசலிலிருந்து கொண்டுவந்திருந்த தட்டில் போட்டார். கட்டிங் மெஷின்காரர் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு உங்களக் குழாயடியில நிக்க வெச்சப்போ என் கையிலயும் இது இருந்துச்சுண்ணே. உங்கள மட்டும் திருப்பி அனுப்பினேன். மன்னிச்சிடுங்க."

கட்டிங் மெஷின்காரர் எழுந்து வந்தார். தலை குனிந்து நின்ற நம்மவரின் கட்டுப்போட்ட கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதை மெல்லப் பிடித்து நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்தார்.

"தொங்கவிடாதீங்க சார். வலி ஏறும்" என்றார்.