மோர்டனில் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம்

இந்த வெள்ளைக்கார நாட்டில், மோர்டனில், மழை தூறிக்கொண்டே இருக்கிறது. சீஷெல்ஸ் தீவில், எங்கள் குசினி அடுப்பில், நானும் மனைவியும் காய்ச்சி வார்த்து, இங்கே விற்கவென்று கொண்டுவந்த தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரத்தைப் பெட்டியோடு சுமந்துகொண்டு காலையிலிருந்து தமிழ்க் கடைகளில் ஏறி இறங்குகிறேன். தீவில் என் ஆசிரியர் வேலை முடியப்போகிறது. சண்டை ஓயாமல் யாழ்ப்பாணம் திரும்பவும் முடியாது. இனி எங்கள் பிழைப்பு இந்தச் சவர்க்காரந்தான்.

கடைசிக் கடைக்கார அண்ணை ஒரு கட்டியை எடுத்துக் கண்ணை மூடி முகர்கிறார்.

"நல்ல சாமான் தம்பி. ஆனா இஞ்சை விக்க ஏலாது."

"ஏன் அண்ணை?"

"எங்கட சனம் இந்த மணத்தைப் போக்கத்தானே சோப் வாங்குது. இதைப் போட்டுக் குளிச்சிட்டுப் போனா, ட்ரெயினில பக்கத்தில ஒருத்தரும் இருக்க மாட்டினம்."

பெட்டியைத் திரும்பத் தூக்க எனக்குத் தெம்பில்லை. "நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோங்கோ" என்று அவரிடம் விட்டுவிட்டு, வெறுங்கையோடு ஸ்டேஷனுக்கு நடக்கிறேன்.

ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ரயில் நிரம்புகிறது. வெள்ளைக்காரர்கள் கம்பியைப் பிடித்தபடி நெருக்கியடித்து நிற்கிறார்கள். என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வருகிறது.

காலையில் நான் குளித்தது, தங்கியிருக்கும் வீட்டு எலுமிச்சை சோப் போட்டுத்தான்.