மச்சாளுக்கு வீட்டுக்கடன் விளங்கிய நாள்

அண்ணை இறந்தபிறகு, வீட்டுக்கடனைத் தன் பெயருக்கு மாற்றலாமா என்று கேட்க அவருடைய மனைவி, என் மச்சாள், இன்று டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் வங்கிக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

ஆலோசகர் ஒரு டெனிஷ் பெண். பொறுமையாக விளக்கினார். நிலையான வட்டி என்றால் கடன் கட்டும் முப்பது வருடமும் மாறாது. மாறும் வட்டி இப்போது குறைவு, பிறகு ஏறலாம். முதல் சில வருடங்கள் வட்டியை மட்டும் கட்டும் கடனும் உண்டு.

மச்சாள் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டு விளங்கிக்கொண்டார்.

"அப்ப எனக்கு நிலையான வட்டிதான் சரி, என்ன?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். செத்தவீட்டுக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் கண்டேன்.

ஆலோசகர் தயங்கினார். மச்சாள் முதியோர் இல்லத்தில் வேலைசெய்து எடுக்கும் சம்பளம் ஒன்றை மட்டும் வைத்து இவற்றில் எந்தக் கடனும் தர முடியாது, வீட்டை விற்பதுதான் வழி என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மச்சாள் சொன்னார்: "பாங்க் அலுவல் எல்லாம் உன்ர அண்ணர்தான் பாத்தவர். நான் ஒருநாளும் கேக்கேல்லை. இண்டைக்குத்தான் வடிவா விளங்கினது. இனி விளங்கி என்ன?"



உங்கள் வீட்டிலும் இந்த அலுவல் ஒருவர் தலையில்தானா? இன்றைக்கே இருவரும் இருந்து கதையுங்கள். சண்டை வந்தால் இந்தப் பதிவின் கீழே வந்து எழுதுங்கள். சண்டை பிடிக்க ஆள் இருப்பதும் ஒரு கொடுப்பினைதான்.