காருக்கும் பாடு உண்டு

என் மின்சாரக் காரை நான் தானம் கொடுத்தது தரும சிந்தனையால் அல்ல, கோபத்தால். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் எனக்குக் கம்பெனி வேன் வர ஆரம்பித்த பிறகு கார் சும்மாதான் நின்றது. விற்கலாமென்று போனேன். பழைய கார் வாங்குகிறவன் அதை இரண்டு சுற்றுச் சுற்றி மூக்கைச் சுளித்தான். “மீன் நாத்தம் தாங்கல மேடம். பேட்டரியும் சோர்ந்துடுச்சு. இரும்பு விலைக்கு எடுத்துக்கறேன்” என்றான். பழவேற்காட்டுக் குப்பத்துக் காரில் மீன் நாற்றம் அடிக்காமல் மல்லிகையா மணக்கும்? “உனக்கு விக்கறதுக்குப் பதிலா யாருக்காவது சும்மாவே குடுப்பேன்” என்று கத்திவிட்டு வந்தேன். சொன்ன வாய்க்குக் கொடுத்தாக வேண்டுமே.

திருப்பாலைவனத்தில் ஓர் இல்லம் இருக்கிறது. சிறுநீரகம் கெட்டுப்போன, நாதியற்ற பெண்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். டயாலிசிஸுக்கு மீஞ்சூர் வரை பஸ் மாறிப் போய்வர வேண்டும். அங்கே ஒரு மீன்காரம்மா. எங்கள் பக்கத்துக் குப்பத்தில் கூடை சுமந்தே காலம் தள்ளியவர். போன மாதம் சிகிச்சை முடிந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே மயங்கி விழுந்துவிட்டார். கார் வருகிறதென்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஓயாமல் போன் செய்தார். “முன் சீட்டு எனக்குத்தான், சொல்லிப்புட்டேன்!”

சந்தோஷத்தில் நான் ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவதென்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பெயர் பாடு. கார் வந்த புதிதில் சத்தம் வராத வண்டியை ஒருவரும் நம்பவில்லை. “ஓடுதா நிக்குதா?” என்று பானட்டில் காதை வைத்துப் பார்த்தார்கள். அது சும்மா நிற்க ஆரம்பித்ததும் ஆளாளுக்குக் கேட்டார்கள், சண்டை வந்தது. ஊர்த் தலைவர் காருக்கும் சீட்டுக் குலுக்கி, நாளுக்கு ஒரு வீடு என்று பாடு வைத்துவிட்டார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். ஆட்டிய தலையை ஊர் மறக்கவில்லை.

கொடுக்கிற நாளன்று மீன்காரம்மா இல்லத்து டிரைவருடன் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். காரின் பின் சீட்டில் ஏற்கெனவே எதிர்வீட்டு அத்தை உட்கார்ந்திருந்தார். மடியில் பழத்தட்டு. பக்கத்தில் பட்டுச் சட்டையில் வேர்த்துக்கொண்டிருந்த மகன். மீஞ்சூருக்குப் பெண் பார்க்கப் போகிறார்களாம்.

“அத்தே, கார குடுத்துட்டேன். எறங்குங்க.”

“கார நீ குடுத்துக்கோ. இன்னிக்குப் பாடு என் புள்ளையுது.”

தலைவரைக் கூப்பிட்டேன். அவர் அத்தையைவிடத் தெளிவாக இருந்தார். “கார் உன்னுது மருமவளே, இல்லன்னு யாரு சொன்னா? பாடு ஊருது. ஒரு சுத்து முடியட்டும், அப்பால தூக்கிக் குடு.”

“ஒரு சுத்து முடியறவரைக்கும் இந்தம்மா இன்னா பண்ணுவாங்க மாமா? திரும்பவும் பஸ்ல வுழுவாங்களா?”

“ஞாயம்னு ஒண்ணு கீதுல்ல?” என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. சொந்தக் காரைத் தானம் கொடுக்க ஊரைக் கெஞ்சிய ஒரே பைத்தியக்காரி நானாகத்தான் இருப்பேன்.

மீன்காரம்மா கார்க் கதவில் கை ஊன்றி நின்றிருந்தார். “தலைவரே, உங்க ஊர்ல பொம்பள பேர்ல பாடு வுழுமா?”

தலைவர் தாடையைச் சொறிந்தார். “அது ஆம்பள பேர்லதாம்மா.”

“எங்க குப்பத்துலயும் அப்டித்தான். ஊரு புடிச்ச மீன அத்தினி காலமும் நான்தான் தலைல வச்சு வித்தேன். என் பேர்ல ஒரு பாடு வுழுந்ததில்ல.” அழவில்லை. மீன் விலை சொல்கிற குரலிலேயே சொன்னார்.

பின் கதவு திறந்தது. அத்தை பழத்தட்டோடு இறங்கினார். “எறங்குடா.”

“யம்மா, பொண்ணு வூட்டுல இன்னா நெனப்பாங்க?”

“பஸ்ல வர்றவனுக்குப் பொண்ணு குடுக்காத வூடு நமக்கு வேணாம். தலைவரே, எங்க பாடு இந்தம்மாவுக்கு.”

ஒருவருக்கு விழுந்த பாட்டை யாரும் பிடுங்க முடியாது. உள்ளவர்கள் கொடுக்கலாம். அதற்கு மேல் சட்டம் பேசத் தலைவருக்கு இடமில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி “எங்க வூட்டுதும்!” என்று கத்தினாள். அடுத்தவளும் கத்தினாள். புருஷன்மார் வாயைப் பிளந்து நிற்க, அவர்களுடைய பாடெல்லாம் கண் முன்னால் பறிபோனது. கடைசியில் தலைவர் வீட்டு அம்மாவும் கையைத் தூக்கினார்.

“எங்கிட்ட எப்ப கேட்ட?” என்றார் தலைவர்.

“எங்க கேட்டேன்? சொல்றேன்.”

அதோடு குப்பமே சிரிப்பில் உருண்டது. எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதில் பாதி அழுகை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இல்லத்து டிரைவரிடம் சாவியைக் கொடுத்தேன். மீன்காரம்மா முன் சீட்டில் ஏறி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். கார் சத்தமில்லாமல் நகர்ந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்திருந்த அத்தைக்கும் மகனுக்கும் பக்கத்தில் போய் நின்றது. கண்ணாடி இறங்கியது.

“ஏறுங்க, மீஞ்சூர்ல எறக்கி வுடறோம்” என்றார் மீன்காரம்மா. அத்தை தயங்க, அவர் குரலை உயர்த்தினார். “இன்னாமே யோசன? இன்னிக்கு என் பாடு. யாரு ஏறணும்னு நான்தான் சொல்லணும்.”