பத்தொன்பது இழை

ஜெயபாயை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். நான் சங்கச் செயலாளர், அதனால் கொஞ்சம் உரக்கச் சொல்கிறேன்.

புருஷன் செத்த பிறகு பன்னிரண்டு தறிகளைத் தனியாக ஓட்டியவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பைபிளோடு போகட்டும், யார் வேண்டாம் என்றது? திங்கட்கிழமை தறிக்கூடத்துக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வந்ததுதான் வினை. அங்குலத்துக்குப் பத்தொன்பது இழை என்பது பழைய அளவு. நூல் விலை ஏறியதும் நாங்கள் எல்லோரும் கூடிப் பேசிப் பதின்மூன்றாகக் குறைத்தோம். புண்ணில் சுற்றிவிட்டுத் தூக்கி எறிகிற துணிதானே, பட்டுச்சேலையா? இவள் மட்டும் குறைக்க மாட்டேன் என்றாள்.

அதோடு விட்டாளா? துணி வாங்க வருகிறவர் கையில் இழை எண்ணும் கண்ணாடியைக் கொடுப்பாள். அவரே எண்ண வேண்டும். எண்ணியதைத் தறிக்காரர்கள் காதில் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் துணி கூடத்தை விட்டு வெளியே போகும். அங்கே எண்ணிப் பழகியவர்கள் எங்களிடமும் வந்து, "கண்ணாடி இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

நேரில் போய்ச் சொன்னேன்: "ஏம்மா, ஊரோட ஒத்துப் போ."

"புண்ணுக்கு ஊரு தெரியுமா அண்ணாச்சி?" என்றாள். என்ன திமிர்!

உள்ளூரில் யாரும் அவளுக்கு நூல் கொடுக்கக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டோம். கொண்டுவந்தவன் நான்தான். அவள் கோயம்புத்தூரிலிருந்து நூல் வரவழைத்தாள். பன்னிரண்டு தறி ஐந்தானது. இன்னும் ஆறு மாசத்தில் கூடத்தைப் பூட்டிவிடுவாள் என்று டீக்கடையில் நாங்கள் பந்தயம் கட்டாத குறைதான்.

அந்தப் பங்குனியில் என் மனைவி பாண்டிசெல்வி ஸ்ரீவில்லிபுத்தூரில் பூக்குழி இறங்கினாள். மகளுக்குக் குழந்தை வேண்டி நேர்ந்துகொண்டது. பூக்குழிக்கு வருஷா வருஷம் பேண்டேஜ் சுருள் கொடுப்பது எங்கள் சங்கம்தான். தானம்தானே என்று கழித்துப்போட்ட துணியைத்தான் அனுப்புவோம். அந்த வருஷம் என் தறித் துணி போனது. இவளுக்கு உள்ளங்கால் வெந்துவிட்டது. முதலுதவிப் பந்தலில் அந்தத் துணியையே சுற்றிக் கட்டிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தபோது துணியோடு சதையும் வந்தது. பிரிந்த இழைகள் புண்ணுக்குள் புதைந்திருந்தன. நர்ஸ் ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுக்க எடுக்க, பாண்டிசெல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். தெருவிலிருந்த மெடிக்கல் கடைக்கு ஓடினேன். அங்கேயும் எங்கள் சங்கத்துத் துணிதான் இருந்தது.

திரும்பி வந்தவனைப் பார்த்து அவள், "நம்ம துணி வேண்டாங்க. ஜெயபாய் அக்காகிட்ட வாங்கியாங்க," என்றாள். முப்பது வருஷமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள்!

போனேன். ஐந்து தறியும் ஓடிக்கொண்டிருந்தன. விஷயத்தைச் சொன்னேன். ஜெயபாய் உட்காரச் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஒரு சுருளை எடுத்து மேஜையில் விரித்து, கண்ணாடியை நீட்டினாள்.

"அவசரம்மா. அங்க அவ கத்திக்கிட்டுக் கெடக்கா."

"எல்லாருக்கும் ஒரே வழக்கம்தான் அண்ணாச்சி."

குனிந்தேன். பாதியில் எண்ணிக்கை தவறியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். பதின்மூன்று வந்தது. அதோடு நின்றுவிடாதா என்று இருந்தது. நிற்கவில்லை.

"பத்தொன்பது," என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க. தறி ஓடுதுல்லா, அவியளுக்குக் கேக்கணும்."

நூல் கிடைக்காமல் செய்து நான் வேலையைப் பறித்ததுபோக மிச்சமிருந்த ஐந்து பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கத்திச் சொன்னேன்.