நானே மாட்டிய டயர்

பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் எங்களுக்கென்று இருப்பது ஒரு கைப்பேசியும் ஒரு பைக்கும்தான். இரண்டில் எது படுத்தாலும் அன்றைக்குக் கூலி கிடையாது. கைப்பேசியைச் சார்ஜில் போட்டால் எழுந்துவிடும். பைக் அப்படி இல்லை. திண்டுக்கல்லைச் சுற்றி வெயிலில் நாளெல்லாம் ஓடுகிற வண்டிக்கு டயர் செருப்பு மாதிரித் தேயும். என்னைப் போலவே வீட்டு வாசலில் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு முழித்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் மனைவி ஜெயாவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். காலை ஷிப்டுக்கு நாகல் நகரிலிருந்து நான்தான் அவளைப் பைக்கில் கொண்டுபோய் விடுவேன். அவள் வேலை முடிந்து வந்து சமைத்து வைத்துவிட்டுத் தூங்கிய பிறகுதான் நான் வீடு திரும்புவேன். ஆக, நாங்கள் புருஷன் பெண்டாட்டியாகப் பேசிக்கொள்வது அந்தப் பைக்கில் போகிற நேரம் மட்டும்தான். வீட்டு ஓனரின் குத்தல் பேச்சு, அவள் தம்பிக்குப் பெண் பார்க்கிற விவகாரம், சின்னச் சண்டை, அதற்கான சமாதானம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். மில் பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும். அதில் ஏற மாட்டேன், உங்களோடுதான் வருவேன் என்று ஆரம்பத்தில் சொன்னவளும் அவள்தான்.

யாருடைய பிரச்சினை

பார்சல்களைப் பிரித்துக் கொடுக்கும் குடோனில் எங்களுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர் உண்டு. பின் டயரில் நூல் தெரிய ஆரம்பித்ததும் அவரிடம் போய் அரை நாள் லீவு கேட்டேன். டயர் கடையில் கூட்டமாக இருக்கிறது, வண்டியை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்றேன். அவர் லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது, வழுக்கி விழுந்தால் என்ன செய்வது சார் என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"டயரு உங்க பிரச்சினை. பார்சலு கம்பெனி பிரச்சினை. விழுந்தாலும் பார்சல் நனையாமப் பாத்துக்கங்க."

எல்லாமே புதுசு

அன்றைக்கு வந்த வீம்பில்தான் நானே மாற்றுவது என்று முடிவு செய்தேன். புது டயர், புது டியூப், நெம்புவதற்கு இரண்டு இரும்பு லிவர் எல்லாம் வாங்கி வந்தேன். கைப்பேசியில் ஒருவர் டயரின் ஓரத்தில் சோப்பு நுரையைத் தடவி, பூரிக்கு மாவு தேய்க்கிற லாகவத்தில் மாட்டிக் காட்டினார். நானும் ஜெயாவின் பாத்திரம் கழுவுகிற சோப்பை எடுத்துக் கரைத்தேன். முழங்கையில் தோல் உரிந்தது, விரல் நசுங்கியது, இடுப்பு பிடித்துக்கொண்டது, ஆனாலும் டயர் ரிம்முக்குள் ஏறிவிட்டது. பெருமையாகக் காற்றடித்தேன். அடிக்க அடிக்க உஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்தது. லிவரை ஆழமாகக் கொடுத்து உள்ளே இருந்த டியூபையும் சேர்த்துக் கடித்துவிட்டேன் என்பது கழற்றிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு இருதயராஜ் அண்ணன் முதலிலிருந்தே நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு ஒரு கை கொடுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"ஏப்பா, டயரும் புதுசு, டியூபும் புதுசு, ஓட்டையும் புதுசு. இனி நீ என்னத்தக் குறை சொல்லுவ?"

சகலை வந்தார்

மூன்றாவது முறையில் கை பழகிவிட்டது. பழகியதுதான் தப்பாகிப் போயிற்று. தெருவில் யாருக்கு டயர் தேய்ந்தாலும், செத்த நேரம் வந்துட்டுப் போப்பா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு டீ கூட வராது.

ஜெயாவின் அக்கா நெய்க்காரப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன், அதாவது என் சகலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கின் பின் சக்கரத்தைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். அந்தப் பழைய டயர் ரிம்மோடு ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. அவர் உள்ளே கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் வாசலில் அதை மிதித்துப் பிரித்து, நெம்பி எடுத்து, துருவைச் சுரண்டி, ரிம்மைத் துடைத்தும் வைத்தேன். அவர் கொண்டுவந்திருந்த புது டயரை எடுக்கப் போனபோது அவர் கை கழுவிக்கொண்டு வந்து, சக்கரத்தைத் திரும்பச் சாக்கில் போட்டுக் கட்டினார். அந்த நேரம் பார்த்து ஜெயாவும் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் நின்றாள்.

"கழட்டறதுல நீங்க கெட்டிக்காரருங்க சகலை. ஆனா பொண்டாட்டி புள்ளைய வச்சு ஓட்டற வண்டி பாருங்க, மாட்டறத மட்டும் கடையில மாட்டிக்கறனுங்க."

கறுப்புக் கை

முன் டயரை, ஜெயாவுக்கு ஷிப்டு இல்லாத ஒரு நாள் விடியற்காலையில் மாற்றினேன். எவ்வளவு தேய்த்தும் விரல் இடுக்கில் கறுப்பு போகவில்லை. அப்படியே வேலைக்குப் போனேன். முதல் பார்சல் ஒரு மாடி வீட்டுக்கு. கதவைத் திறந்த அம்மா பார்சலைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார். டயர் மாற்றினேன் அம்மா, அழுக்கு இல்லை, கறைதான் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது. அவர் இரண்டு எட்டு பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அங்கனயே கீழ வச்சிருங்க. நீங்க போனப்புறம் தொடச்சுட்டு எடுத்துக்கிறேன்."

நாற்கர ரோட்டில்

அந்த முன் டயர்தான் என் குடியைக் கெடுத்தது. மறுநாள் நாற்கர ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் ஹேண்டில்பார் நடுங்கியது. தம்பிக்குப் பார்த்த பெண்ணின் தாய்மாமனைப் பற்றி ஜெயா ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். பாதியில் பேச்சு நின்றுவிட்டது. என் சட்டையை முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வேகத்தைக் குறைத்தால் நடுக்கம் நின்றது, கூட்டினால் வந்தது. சக்கரத்தில் ஒரு பக்கம் எடை கூடியிருக்கிறது, சமன் செய்தால் சரியாகிவிடும் என்று மில் வாசலில் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டாள்.

"அக்கா வீட்டுக்காரரு அன்னைக்குக் கடைக்குப் போனாருல்ல, அவரு வண்டி இப்படி ஆடுதா?"

படிகாரம்

அன்று ராத்திரியே இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலை இடைவெளி விட்டுப் போட்டு, அச்சுக் கம்பியை அவற்றின் மேல் குறுக்கே வைத்து, சக்கரத்தை நடுவில் தொங்கவிட்டுச் சுற்றினேன். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே ஈயத் துண்டை ஒட்ட வேண்டும். எந்தப் பக்கம் நிறுத்தினாலும் சக்கரம் அசையாமல் நின்றால் சமன் ஆகிவிட்டது என்று அர்த்தம். வேலை சுத்தமாக முடிந்தது. ஆனால் மறுநாள் ஜெயா ஒரு படிகாரக் கட்டியைக் கறுப்புத் துணியில் முடிந்து கொண்டுவந்து முன் சக்கரத்தின் கம்பியில், ரிம்முக்குப் பக்கத்தில் கட்டிவிட்டாள். கண் திருஷ்டிக்காம். ஹேண்டில்பாரில் கட்டிக்கொள்ளேன் என்று கெஞ்சினேன். ஆடுவது சக்கரம்தானே, சக்கரத்தில்தான் கட்டுவேன், இல்லையென்றால் ஏறவே மாட்டேன் என்றாள். நல்ல கட்டி, கையில் வைத்தால் எடை தெரியும். வேறு வழியில்லாமல் படிகாரத்தையும் சேர்த்து மறுபடி சமன் செய்தேன். அதற்கு எதிர்ப் பக்கம் இன்னும் கொஞ்சம் ஈயம் ஒட்டினேன்.

வண்டி நடுங்கவே இல்லை. ஜெயா பழையபடி பேச ஆரம்பித்தாள். தாய்மாமன் கதை முழுக்க வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ரோடெல்லாம் தண்ணீர், அதில்தான் தினமும் ஓட்டம். ஒரு நாள் காலையில் மில்லுக்குப் போகிற வழியில் ஹேண்டில்பார் முன்னைவிட மோசமாக உதறியது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால் கம்பியில் ஈரத் துணி மட்டும் தொங்குகிறது. படிகாரம் கரைந்து போய்விட்டது, நான் ஒட்டிய ஈயம் மட்டும் எதிரே உட்கார்ந்திருக்கிறது. காரணம் கிடைத்துவிட்டதே என்று துள்ளிக் குதித்து அவளிடம் சொன்னேன். அவள் அந்தக் காலித் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தப் பக்கமாக வந்த மில் பஸ்ஸுக்குக் கையைக் காட்டினாள்.

"படிகாரமே கரைஞ்சுபோச்சுன்னா எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கும். இந்த வண்டி நமக்கு வேணாம், நான் பஸ்ஸுல போறேன்."

ஜன்னல் ஓரம்

நான் விடவில்லை. கூடுதல் ஈயத்தை எடுத்துவிட்டு மறுபடி சமன் செய்தேன். அதுவும் போதாதென்று மானத்தை விட்டு டயர் கடைக்கே கொண்டுபோய், கழற்றி நீங்களே மாட்டிக் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் செய்ய ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். அதையும் ஜெயாவிடம் சொன்னேன். சரி, நாளைக்குப் பார்ப்போம் என்றாள். அந்த நாளை வரவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது. டயரை மட்டும் கடையில் மாட்டியிருந்தால் அவள் இன்றைக்கும் என் பின்னால் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்திருப்பாள். அதையும் செய்யவிடாமல் தடுத்தது அந்தக் குடோன்.

ஒரு நாள் காலையில் அவள் ஏறிய பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். வண்டி நடுங்கவில்லை என்பதை அவளே பார்க்கட்டும் என்றுதான். ஜெயா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். என் பின்னால் உட்கார்ந்து அவள் ஒரு நாளும் அப்படிக் கண் அசந்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது கேட்டேவிட்டேன், பஸ் மட்டும் என்ன, அதற்கும் டயர்தானே, அதை எவன் மாட்டினானோ என்று. அவள் கோபப்படவில்லை. எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"எவன் மாட்டுனான்னு எனக்குத் தெரியாதுல்ல, அதான் நிம்மதியாத் தூக்கம் வருது."

இப்போது என் வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது, பின் சீட்டில் பார்சல் பை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து வருகிறது.